ஆணியும் ஊசியும்

பெண்கள் தங்கள் மனமகிழ்ச்சிக்காக எந்தக் காரியத்தைச் செய்தாலும் அதை எள்ளி நகையாடுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஆடவன் ஒருவன் மாலை முழுவதும் பந்தாட்டம் பார்த்துக் கூச்சலிட்டால் அதற்கு உற்சாகம் என்று பெயர். பெண் ஒருத்தி கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர். அவன் பழைய நாணயங்களைத் தேடிச் சேர்த்தால் கலையார்வம். அவள் நூற்கண்டுகளைத் தேடிச் சேர்த்தால் வீண் செலவு. இந்தத் தராசு கோணல் தராசு என்பதைச் சீர்திருத்தம் பேசும் நாம் அறியாதவர்களல்லோம். ஆயினும், இலக்கியத்தை எடை போடும் சமயத்தில் நாமே அந்தக் கோணல் தராசைக் கையில் எடுத்துக்கொள்ளுகிறோம். அதைச் சொல்லவே இன்று எழுதப் புகுந்தோம்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குச் சற்றுத் தள்ளியுள்ள அடுக்குமாடி வீடு ஒன்றை வாசகர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்கட்டும். வேலையிலிருந்து திரும்பும் வழியில் தேக்காச் சந்தையில் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு வந்த பெண், சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, இரவு ஒன்பது மணிக்குத்தான் தனக்கென்று உட்காருகிறாள். கையில் ஊசிகளும் கம்பளி நூலும். பாதி பின்னிய காலுறை ஒன்று தொங்குகிறது. மடியில் பூனை. எதிரே மேசைமீது பொது நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல் விரித்தபடி கிடக்கிறது. இரத்தக்காட்டேரி ஒருவன்மீது காதல் கொண்ட மங்கையின் கதை அது.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை தூரத்தில், வருஷம் பன்னிரண்டு மாதமும் வியர்த்து வடியும் ஊரில், கம்பளிக் காலுறையா?" என்பார் ஒருவர். "பூனைக்குச் செய்கிற பணிவிடையை மனிதருக்குச் செய்யலாகாதா?" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் நம்மைப் போன்ற சீர்திருத்தக்காரர். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்தோராம் நூற்றாண்டிலும் பேயா? பகுத்தறிவுக்கு இதைவிடக் கேடு உண்டா?" என்று பெருமூச்சு விடுவார். முதல் இருவரை அவர்கள் வழியே விட்டுவிடலாம். மூன்றாமவருக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் அவர் நம்மைச் சேர்ந்தவர்.

பேய் இல்லை என்பது பகுத்தறிவின் பாலபாடம். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேயை நம்புவது வேறு, பேய்க் கதையைப் படிப்பது வேறு. பேயை நம்புகிறவன் மந்திரவாதியிடம் பணத்தைக் கொட்டுகிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரை விட்டுத் தாயத்தைத் தேடுகிறான். பேய்க் கதையைப் படிக்கிறவளோ, புத்தகத்தை மூடியதும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறாள். முந்நூறு பக்கம் முடியும்வரை பேய் உண்டென்று வைத்துக்கொள் என்பதுதான் கதை அவளிடம் கேட்கிற சலுகை. புதுமைப்பித்தன் 1940-களில் எழுதிய 'காஞ்சனை'யைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். வீட்டுக்குள் வந்தவள் பேயா அல்லவா என்பதை அவர் கடைசிவரை தீர்த்துச் சொல்லவேயில்லை. அதனால் அவரை மூடநம்பிக்கையின் தூதர் என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா?

மேலும், பேய் என்று ஒன்று இல்லையாயினும், பேய்க் கதைக்குள் உண்மை ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரின் நீலி கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணவன் கையால் கொலையுண்டவள் பேயாகி அவனைத் தொடர்ந்து வந்து வழக்குரைக்கிறாள். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேர் அவள் வழக்கைக் கேட்டு, அவனுக்குப் பிணை நின்று, அவன் மடிந்தபின் தங்கள் வாக்குப்படி தீயில் இறங்கினர் என்பது கதை. உயிரோடிருந்தபோது அவளைக் காக்க ஒரு பஞ்சாயத்தும் வரவில்லை. பேயான பிறகு எழுபது பேர் உட்கார்ந்து கேட்கவேண்டி வந்தது! இக்கதையைக் கட்டிய சமூகம் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று நாம் கொள்ளுவது தவறாகுமா? நீதி கிடைக்காத பெண்ணுக்கு நம் நாட்டார் வைத்த பெயர்களில் பேய் என்பதும் ஒன்று.

ஆகவே, பேய் வருகிறது என்பதற்காக ஒரு நூலைத் தள்ளுவது விமர்சனம் ஆகாது. பேயை வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கேட்பதே விமர்சனம். காதலும் பேயும் சேர்ந்து வரும் கதைகளில் இந்தக் கேள்வி மிகவும் அவசியம். அதற்கு இம்மண்ணிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

மலாய் மக்களிடையே பொந்தியானாக் என்னும் பேயைப் பற்றிய கதைகள் வழங்கிவருகின்றன. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் அப்படி ஆகிறாள் என்பர். வாழைமரத்தில் வாசம்; அழகிய தோற்றம்; அவள் வரும்போது பூவின் மணம். அவளை அடக்குவதற்கு ஓர் உபாயம் சொல்லப்படுகிறது. அவள் பிடரியிலே ஓர் ஆணியை அறைந்துவிட்டால் போதுமாம்! உடனே அவள் அழகும் அடக்கமும் உள்ள மனைவியாகி, சமைத்துப் போட்டு, வீட்டைப் பேணிக்கொண்டு இருப்பாளாம். ஆணி பிடுங்கப்பட்டால் மறுபடியும் பேய். நம் ஊர் மோகினியையும் மரத்தோடு சேர்த்து ஆணியடித்து வைப்பதாகச் சொல்லும் கதைகள் உண்டு. ஆனால் ஆணியடித்து மனைவியாக்கிக் கொள்ளும் யோசனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்ல மனைவி என்பவள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தத் தர்ம சாஸ்திரமும் தரவில்லை. ஆணி இருக்கிறவரையில் நல்லவள்! இல்லாதபோது பிசாசு!

இது கீழ்நாட்டாரின் அறியாமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1897-ல் லண்டனில் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில், இரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசி என்னும் பெண்ணின் மார்பில் மரமுளையை அடித்து இறக்குகிறவன் வேறு யாருமல்லன். அவளை மணக்க நிச்சயிக்கப்பட்டிருந்தவனே. அடித்த பிறகு அவள் முகத்தில் பழைய சாந்தம் திரும்பியதாக ஆசிரியர் எழுதுகிறார். ஒரு ஊரில் ஆணி, ஒரு ஊரில் முளை. வேறு வேறு நாடு, வேறு வேறு சமயம். சுத்தியலை மட்டும் ஆடவன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

1957-ல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை வெளியிட்டது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நாயகியாக நடித்தவர் மரியா மெனாடோ. படம் பெற்ற வரவேற்பினால் அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தொடர்ச்சிகள் வெளிவந்தன. முதற்படத்தின் பிரதி இன்று கிடைப்பதற்கில்லை. கதை மட்டும் பதிவாகி நிற்கிறது. கூன் விழுந்த, அழகற்ற பெண்ணொருத்தி மந்திர மருந்தால் அழகியாகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. மணமாகிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவனைக் காப்பாற்ற அவள் கடிவாயில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் படுகிறது, பேயாகிறாள்.

இக்கதையில் நம் மனத்தைத் தொடும் இடம் எது? அவள் செய்த குற்றம் என்ன? கணவன் உயிரைக் காத்ததைத் தவிர வேறொன்றுமில்லை. அழகில்லாதபோது உலகம் அவளை ஒதுக்கிற்று. அழகு வந்தபோது நிபந்தனை விதித்தது. அன்பு காட்டியபோது பேயாக்கிற்று. சிங்கப்பூரில் முஸ்லிமல்லாதாருக்கு ஒருதார மணத்தைச் சட்டமாக்கிய மாதர் சாசனம் 1961-ல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னே, கொட்டகை இருட்டில் இப்படத்தைப் பார்த்த பெண்களில் சிலராவது, பயத்தோடு கூட வேறொன்றையும் உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். எவ்வளவு கொடுத்தாலும் போதாத இல்லறம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

நிற்க. இப்போது நம் வாசகியின் மேசைமீதுள்ள புதிய நாவலுக்கு வருவோம். இந்தப் புதிய வகையில் ஒரு பெரிய மாறுதல் நடந்திருக்கிறது. பேயாயிருப்பவன் ஆண், மனிதப் பிறவியாயிருப்பவள் பெண். அடக்கப்படவேண்டியவன் அவன், அடக்குகிறவள் அவள், அதுவும் ஆணியாலல்ல, அன்பால். பெண்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள் என்பது இங்கே விளங்கும். இரவில் தனியே நடக்கும்போது பின்னால் வரும் காலடி ஓசைக்குச் செவி கொடுத்துப் பழகியவள் பெண். உலகிலேயே பயங்கரமான ஒருவன், அவள் 'வேண்டாம்' என்றால் நிற்கிறான் என்ற கற்பனை அவளுக்கு இனிக்காமல் யாருக்கு இனிக்கும்? அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜானிஸ் ராட்வே 1984-ல் வெளியிட்ட நூலில், காதல் கதை படிக்கும் குடும்பப் பெண்களிடம் பேசி ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். கதையின் பொருளைவிட, புத்தகத்தைக் கையிலெடுத்து 'இந்த நேரம் என்னுடையது' என்று உட்காரும் செயலே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சோம்பல் என்பவர்கள் ஒரு வாரம் அந்த வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கிப் பார்க்கட்டும்.

ஆனால் விருப்பத்தின் காரணத்தை அறிந்துகொண்டோம் என்பதற்காக நூலின் குற்றத்தைச் சொல்லாமல் விடலாமா? அப்படி விட்டால் அது வாசகியைக் குழந்தையாகப் பாவிப்பதாகும். 2005-ல் தொடங்கி நான்கு நாவல்களாக வந்த ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையை எடுத்துக்கொள்வோம். இவ்வகை நூல்களில் உலகெங்கும் பரவியது அது. அதன் நாயகன், நாயகி அறியாமலே இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவது நாவலில், அவள் தன் நண்பனைக் காணப் போகாதபடி அவளுடைய வண்டியின் இயந்திரத்திலுள்ள பாகத்தைக் கழற்றிவிடுகிறான். எல்லாம் அவளுடைய பாதுகாப்புக்காக! 2008-ல் வந்த நான்காவது நாவலிலோ, ஓநாயாக உருமாறும் இளைஞன், அப்போதுதான் பிறந்த பெண் குழந்தையைக் கண்டதும், இவளே தன் துணை என்ற மாற்றமுடியாத பந்தத்தில் சிக்குகிறான்.

வாசகர்களே, இதை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு மாப்பிள்ளை குறித்து வைக்கும் வழக்கத்தை ஒழிக்க நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமா? பெண்ணின் திருமண வயது பதினான்கு என்று 1929-ல் சாரதா சட்டம் இயற்றப்பட்டபோது சாஸ்திரம் போயிற்று, தர்மம் போயிற்று என்று எத்தனை பேர் கூக்குரலிட்டார்கள்! அந்தக் குழந்தை வளர்கிறவரையில் அவன் அண்ணனைப் போல் இருப்பான், பிறகு அவள் விருப்பப்படி நடப்பான் என்று ஆசிரியை சமாதானம் சொல்லுகிறார். நம் ஊர் மாமன் முறைக்காரர்களும் இதே சமாதானத்தைத்தான் சொன்னார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

இதிலிருந்து நமது அபிப்பிராயம் தெளிவாகும். இந்நாவல்களில் நாம் எதிர்க்கவேண்டியது கோரைப் பல்லை அன்று, விதியை. 'உனக்கென்றே பிறந்தவன்', 'இரத்தத்திலேயே எழுதிய பந்தம்', 'பிரபஞ்சமே சேர்த்துவைத்த ஜோடி' என்ற பேச்சு இவ்வகை நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பத்துப் பொருத்தம் பார்க்கும் சோதிடர் வாயிலும் இதே பேச்சுத்தான். அவர் பஞ்சாங்கத்தைக் காட்டுகிறார். இவர்கள் முழுநிலவைக் காட்டுகிறார்கள். பேயை நம்பாத நம் வாசகி, விதியை மட்டும் காதல் என்று எண்ணி ஏற்றுக்கொண்டால், ஆணி பிடரியிலிருந்து நெஞ்சுக்கு இடம் மாறியது என்பதல்லாமல் வேறு என்ன மாறியது? பேய்க் கதை பகுத்தறிவுக்குக் கேடு என்ற நண்பருக்கு நாம் சொல்லுவது: கேடு உண்டு, ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் இல்லை.

இவ்வகையில் மேலான நூலே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மலேசியாவில் வேர்கொண்ட யாங்ஸே சூ என்ற எழுத்தாளர் 2013-ல் வெளியிட்ட 'பேய் மணப்பெண்' என்னும் ஆங்கில நாவல் 1893-ஆம் ஆண்டு மலாக்காவில் நடக்கிறது. நொடித்துப்போன குடும்பத்துப் பெண் லீ லானை, செல்வர் வீட்டின் இறந்துபோன மகனுக்கு மணம் பேசுகிறார்கள். சீனரிடையே இறந்தவருக்கு மணம் செய்யும் வழக்கம் வெறுங்கற்பனையன்று. சிங்கப்பூர்ச் சீனரிடையே அது இருந்ததைப் பற்றி மார்ஜோரி டாப்ளி என்ற மானிடவியலாளர் 1955-ல் எழுதியிருக்கிறார். நாவலில் வரும் பேய் மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பது மாயம் மட்டுமன்று, தந்தையின் கடனும் ஏழ்மையும் நிற்கின்றன. இதுதான் நல்ல எழுத்தின் அடையாளம்: பேயைக் காட்டும்போதே கணக்குப் புத்தகத்தையும் காட்டுகிறது. லீ லான் தனக்கு விதிக்கப்பட்டவனை மறுக்கிறாள்; ஆவிகளின் உலகமெல்லாம் அலைந்து, கடைசியில் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளுகிறாள். தேர்ந்தவன் மனிதனல்லன் என்பது நமக்கு ஒரு பொருட்டன்று. தேர்ந்தவள் அவள் என்பதே பொருட்டு.

இனி, ஆரம்பத்தில் விட்டுவந்த பூனையையும் காலுறையையும் கவனிப்போம். அவற்றை அலங்காரத்துக்காக நாம் கொண்டுவரவில்லை. நாவலை எடைபோடும் படிக்கற்கள் அந்த வீட்டிலேயே இருக்கின்றன என்பது நம் எண்ணம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் பூனை வளர்ப்பது 1989 முதல் தடை செய்யப்பட்டிருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கடினம், பொது இடங்களில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அடக்கமுடியாதவள் ஆகையால் ஆகாதவள்! பொந்தியானாக்கின்மேல் சாட்டிய குற்றத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆயினும் மக்கள் ஒளித்து வைத்து வளர்த்தார்கள். 2012-ல் சோங் பாங் வட்டாரத்தில் பூனை நலச் சங்கத்தின் துணையோடு ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள்வரை உரிமத்தோடு வளர்க்கலாம் என்று விதி மாறியது. சன்னல்களுக்கு வலை கட்டவேண்டும், பூனையின் உடலில் அரிசியளவான அடையாளச் சில்லைப் பொருத்தவேண்டும் என்ற நிபந்தனைகளும் சேர்ந்தன.

அந்தச் சில்லைப் பொருத்துமிடம் பிடரிக்குக் கீழே, தோள்களுக்கு நடுவே. "இதுவும் ஆணிதானே?" என்று குறும்பாகக் கேட்கலாம். கேள்வி நல்ல கேள்வி. ஆணி அவளை வேறொருத்தியாக மாற்றுவதற்கு. சில்லு, தொலைந்த பூனையை வீடு சேர்ப்பதற்கு. வலை, பத்தாவது மாடியிலிருந்து அது விழாமலிருப்பதற்கு. உயரம் இன்னதென்று பூனைக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாதாகையால் நாம் வலை கட்டுகிறோம். பெண்ணுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியும். அவளே நமக்குச் சொல்லவும் முடியும். ஆதலால் பூனைக்கு வலை கட்டுவது பொறுப்பு. பாதுகாப்பின் பேரால் பெண்ணின் வண்டியைக் கெடுத்து வைப்பது கொடுமை. மேயரின் நாயகன் இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அறியான். வலைக்குள்ளே இருக்கும் பூனையோ, யார் மடியில் எப்போது உட்காருவது என்பதைத் தானே தீர்மானிக்கிறது. அழைத்தால் வராது, அழைக்காதபோது வரும், பிடித்து நிறுத்தினால் நகம் காட்டும். தினந்தோறும் இப்படி ஓர் உயிரோடு பழகுகிறவளுக்கு, தானாக வந்ததே அன்பு, பிடித்து வைத்தது அன்பன்று என்பதை யாரும் போதிக்கவேண்டியதில்லை.

பூனை இன்னொன்றையும் கற்பிக்கிறது. 'சிங்கப்பூரா' என்ற பூனையினம் இவ்வூர்ச் சாக்கடைகளில் பிறந்து வளர்ந்த ஆதி இனம் என்ற கதையோடு உலகெங்கும் புகழ்பெற்றது. 1975-ல் அமெரிக்கத் தம்பதியர் மூன்று பூனைகளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனதிலிருந்து இனத்தின் சரித்திரம் தொடங்குகிறது. ஆனால் அதே பூனைகள் 1974-ல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டவை என்பதைக் காட்டும் பத்திரங்கள் 1987-ல் வெளிப்பட்டன. எனினும் 1991-ல் சிங்கப்பூரின் சுற்றுலாத் துறை அப்பூனையையே 'குச்சிந்தா' என்ற பெயரோடு நகரின் சின்னமாக்கிற்று. மண்ணோடு பிறந்தது, முன்னமே விதிக்கப்பட்டது என்ற கதைகளுக்கு மனிதர் மயங்குவது காதலில் மட்டுமன்று என்பதற்கு இது சான்று. பூர்வ கதை ஐயத்துக்கு இடமானாலும், வளர்த்தவர் மடியிலிருந்த பூனை பொய்யாகிவிடவில்லை. பழகியதால் வந்த அன்புக்கு முற்பிறவிச் சான்றிதழ் எதற்கு?

காலுறை விஷயத்துக்கு வருவோம். கம்பளிக் காலுறைக்கு இவ்வூரில் வேலையில்லை என்பவர்கள் இவ்வூர் அலுவலகங்களுக்குள் நுழைந்து பார்த்ததில்லை போலும். குளிர்சாதனத்தை மனிதகுலத்தின் அரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றென்று லீ குவான் இயூ பாராட்டிய ஊர் இது. வெளியே வியர்வை, உள்ளே நடுக்கம். நூலகத்திலும் மருத்துவமனையிலும் வயதானவர்கள் கால் சில்லிட்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். காலுறை பின்னும் யந்திரத்தை வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589-லேயே கண்டுபிடித்துவிட்டார் என்பதும் உண்மை. நானூறு ஆண்டுக்கு மேலாக அவசியமற்றுப் போன காரியத்தை ஒருத்தி இன்றும் செய்கிறாள் என்றால், அவள் பொருளை மட்டும் செய்யவில்லை என்பது பெறப்படும்.

அறுபத்துநான்கு கண்ணிகளை நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பகிர்ந்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறாள். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளைக் காத்திருக்க விட்டு, மீதிப் பாதியை முன்னும் பின்னுமாகப் பின்னி, வளைவு கொடுத்து, ஓரங்களிலிருந்து புதுக் கண்ணிகளை எடுத்து, பிறகு அவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து மறுபடியும் அறுபத்துநான்குக்குக் கொண்டுவருகிறாள். எண்ணிக்கை தவறினால் குதிகால் கோணிவிடும். தவறினால் என்ன? நூலைப் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும், மறுபடியும் பின்னலாம். எவர் காலுக்காகப் பின்னுகிறாளோ அவர் காலின் அளவை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். காலைக் காலுறைக்கு ஏற்றபடி வெட்ட முடியாது. ஒன்று முடிந்தால் போதாது. அதே பொறுமையோடு இரண்டாவதையும் தொடங்கவேண்டும்.

ஆணிக்கும் ஊசிக்கும் வித்தியாசம் இதுதான். ஆணி ஒரே அடியில் முடித்துவிடுகிறது; பிடுங்கினால் எல்லாம் பாழ். ஊசி கண்ணி கண்ணியாகச் சேர்க்கிறது. பிழையைத் திருத்த இடம் வைக்கிறது. ஆணிக்கு அடுத்தவர் அளவு தேவையில்லை. ஊசிக்கு அதுவே முதல் தேவை. 1942-ல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்துவைத்த பெண்கள், எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணியின் யோசனைப்படி, அறுபத்தாறு துணிச்சதுரங்களைக் கொண்ட ஒட்டுப்போர்வைகளைத் தைத்தார்கள். ஆளுக்கொரு சதுரம், அதில் பெயரும் ஒரு சித்திரமும். தனியே அடைக்கப்பட்டிருந்த ஆடவருக்குத் தாங்கள் உயிரோடிருப்பதை அறிவிக்க அவர்களுக்கிருந்த வழி அது. ஊசி வேலை அற்ப வேலை என்பவர்கள் அப்போர்வைகளை நினைத்துக்கொள்ளட்டும். காதலைப் பற்றிய எத்தனையோ நாவல்கள் சொல்லாததை ஒரு முழம் நூல் சொல்லியிருக்கிறது.

ஆகவே, நம் வாசகிக்கு நாம் புத்தி சொல்லப் புறப்படவில்லை. தானாக வருவது இன்னதென்று பூனையிடமும், அளவறிந்து செய்வது இன்னதென்று ஊசியிடமும் கற்றவள் அவள். அந்த அளவுகோலைப் புத்தகத்தின்மீதும் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பேயானாலும் ஓநாயானாலும், கதையில் வருகிறவன் பூனைக்குத் தரும் மரியாதையையாவது அந்தப் பெண்ணுக்குத் தருகிறானா? அவள் தவறு செய்தால் பிரித்துப் பின்ன இடமிருக்கிறதா, அல்லது ஒரே அடியில் முடிந்ததா? 'விதி' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'அப்பா பார்த்த மாப்பிள்ளை' என்று எழுதிப் பார்த்தாலும் இனிக்கிறதா? இனித்தால் படிக்கட்டும். கசந்தால், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போது ஏன் கசந்தது என்பதை அடுத்த வாசகிக்குச் சொல்லட்டும். விமர்சனம் என்பது அங்கேதான் தொடங்குகிறது, பல்கலைக்கழகங்களில் அல்ல.

சீர்திருத்த அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பேயை ஓட்டுவது எளிது. விளக்கைப் போட்டால் போய்விடும். விளக்கின் கீழேயே, காதல் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கும் விதியை ஓட்டுவது கடினம். அந்த வேலையில் நமக்குத் துணைவரக்கூடிய பெண்களை, கையிலுள்ள புத்தகத்தின் அட்டைப்படத்தைப் பார்த்து ஏளனம் செய்து விரட்டிவிடவேண்டாம். தமிழில் எழுதுவோருக்கும் வேலை காத்திருக்கிறது. மோகினிகளையும் நீலிகளையும் இத்தனை தலைமுறையாக வைத்திருக்கும் மொழியில், தன் ஆணியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, பேயும் ஆகாமல் அடிமையும் ஆகாமல் வீட்டுக்கு நடந்துவரும் ஒருத்தியின் காதல் கதையை எழுதட்டும். அப்படியொரு நூல் வந்தால், இரவு ஒன்பது மணிக்கு ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துப் படிக்க ஆளில்லாமற் போகாது.